கண்ணாடியில் நின்றவள்

கொளத்தூர் பச்சைக்கிணறு தெருவில் மனிதர்களைவிட மீன்கள் அதிகம். மொட்டை மாடியில் தொட்டி, மாடிப்படிக்குக் கீழே தொட்டி, கல்யாணமாகிப் போன பெண்ணின் அறையிலும் தொட்டி என்று, காற்று மோட்டார்களின் குமிழிச் சத்தம் ஒரு கணமும் ஓயாத அந்தத் தெருவில், செல்போன்களெல்லாம் படம் பிடிக்கத் தொடங்காத காலத்தில், ஒரு வருஷம் மூவாயிரம் சுவர்களில் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் முகத்தைக் காட்டினாள். அவள் யார் என்று அந்த வட்டாரத்தில் தணிகாசலம் ஒருவருக்குத்தான் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. அவர் வாய் திறக்கவில்லை.

தணிகாசலத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தெருவின் நடுவில் வண்ணமீன் கடை. சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போக, மீன்களைப் படம் பிடித்து வெளியூர் வியாபாரிகளுக்கு இமெயிலில் அனுப்பலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. ஆனால் அவர் எடுத்த படங்களில் மீனைத் தவிர மற்ற எல்லாமே இருந்தன. பிளாஷ் அடித்த வெள்ளைப் பொட்டு இருந்தது, டியூப்லைட் இருந்தது, அவருடைய தொப்பை இருந்தது, எதிர்க்கடை போர்டு இடம் வலமாகப் புரண்டு இருந்தது. மீன் மட்டும், பட்டனை அழுத்துவதற்கும் படம் விழுவதற்கும் நடுவிலிருக்கிற அரை நொடிக்குள், வாலை விட்டுவிட்டுப் போயிருந்தது.

கடையில் தொட்டி கழுவ எஸ்தர் இருந்தாள். முப்பத்திரண்டு வயது, பாடியநல்லூரில் அம்மாவோடு குடியிருந்து, ஐந்து வருஷமாக தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தவள். ஒருநாள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே, "அண்ணே, நீங்க மீனைத் துரத்துறீங்க. துரத்தினா அது ஓடத்தானே செய்யும்? குடுங்க, நான் ஒரு தடவை பாக்குறேன்," என்று கேட்டு வாங்கினாள்.

அன்றிலிருந்து நாலு மாதம், வேலை முடிந்த நேரமெல்லாம் அவள் அந்தச் சின்ன கேமராவோடுதான் இருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. முதலில் பிளாஷை அணைத்தாள். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள், துடைத்ததைத் திரும்பவும் துடைத்தாள். கடை விளக்குகளை எல்லாம் நிறுத்திவிட்டு, தொட்டிக்கு மேலே மட்டும் ஒரு விளக்கைத் தொங்கவிட்டாள். சாய்த்துப் பிடித்தால் மீன் கோணுகிறது என்று கண்டுபிடித்து, பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி லென்ஸைச் சுற்றி மாட்டி, கண்ணாடியோடு நேராக ஒட்ட வைத்தாள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அடங்கும்வரை இருந்தாள். தன் நிழல்கூடக் கண்ணாடியில் விழாமலிருக்கத் தலையோடு கேமராவையும் சேர்த்துக் கறுப்பு துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். கேமராவில் கிட்டத்தில் எடுப்பதற்கான, பூப் படம் போட்ட பட்டனைத் தட்டி, மீன் வரப்போகிற இடத்தைப் பார்த்து ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்தபடி, மூச்சுக்கூட விடாமல் நின்றாள். நூறு படம் எடுத்தால் தொண்ணூற்றொன்பதை அழித்தாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஒரு நீல ஃபைட்டர் மீனைப் பிடித்தாள். ஃபைட்டர் இன்னொரு ஃபைட்டரைப் பார்த்தால்தான் சிலிர்க்கும். பக்கத்தில் இன்னொரு ஃபைட்டர் இருந்த பாட்டிலை வைத்து, நடுவில் மறைத்திருந்த அட்டையை இழுக்கத் தணிகாசலத்திடம் சொன்னாள். அவர் இழுத்தார், அவள் அழுத்தினாள். துடுப்புகளெல்லாம் விரிந்து, தீப்பற்றிய பட்டுச்சேலை போல அந்த மீன் படத்தில் நின்றது. ஒவ்வொரு செதிலையும் எண்ணலாம். கண்ணாடி என்று ஒன்று நடுவில் இருந்ததாகவே தெரியவில்லை.

வண்ணமீன் வியாபாரிகள் சங்கம் அந்த வருஷம் காலண்டர் போடப் படப்போட்டி வைத்தது. விண்ணப்பத்தில் பெயர் எழுத ஒரு கோடுதான் இருந்தது. தணிகாசலம் அதில் தன் பெயரை எழுதினார். எழுதும்போது அது தப்பென்றே தோன்றவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆனால் எஸ்தர் பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போகும்வரை பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

முதல் பரிசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் சால்வை போர்த்தினார்கள். "எப்படிய்யா இதை எடுத்தே?" என்று சங்கத் தலைவர் மாசிலாமணி மைக்கை நீட்ட, தணிகாசலம், "மீனைத் துரத்தக்கூடாதுங்க, துரத்தினா அது ஓடத்தானே செய்யும்," என்று ஆரம்பித்து, சைக்கிள் டியூப் வளையம்வரை எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில் நின்று எஸ்தரும் கைதட்டினாள்.

மறுநாள் திங்கள்கிழமை அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "அண்ணே, ஒரு ஓரமா என் பேரையும் போடச் சொல்லியிருக்கலாமில்ல? சின்ன எழுத்துல."

"அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றார் தணிகாசலம். அவர் காது மடல் சுட்டது. அன்று முழுக்க அவள் இருக்கிற பக்கம் திரும்பவே முடியாமல், நாலு மணிக்கே, "நீ கெளம்பு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்று அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டு, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காகவே, அவள் மத்தியானமே பாதித் தண்ணீர் மாற்றி வைத்திருந்த டிஸ்கஸ் தொட்டியில் மட்டம் குறைவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு குழாயைப் போட்டார். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கிற மருந்தை விட மறந்தார். தட்டு தட்டாக, சிவப்பும் நீலமுமாக ஒன்பது டிஸ்கஸ் மீன்கள் அதில் இருந்தன. மாசிலாமணி கண்காட்சிக்காகக் கேட்டு வைத்திருந்தவை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பதும் கறுத்துப்போய், பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. கடை வாசலில் கூட்டம். மாசிலாமணி தொட்டியில் விரலை விட்டு மோந்து பார்த்தார். "மருந்தே விடல. யாருய்யா தண்ணி மாத்துனது?"

"எஸ்தர்," என்றது தணிகாசலத்தின் வாய்.

அவர் திட்டமிடவில்லை. அந்தச் சொல் தானாக வந்தது. ஆனால் வந்த பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்கு முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. எஸ்தர் அப்போதுதான் பஸ் இறங்கி வந்து கூட்டத்தை விலக்கி நின்றாள். "நான் மருந்து விட்டேனே," என்றாள். அப்புறம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு, "விட்டேன்னுதான் நெனைக்கிறேன்," என்றாள். அந்த நிமிஷமும் போய்விட்டது.

அன்றோடு அங்கே வேலை போன எஸ்தர் தெருவில் கடை கடையாக வேலை கேட்டாள். மீன்காரர்கள் கைராசி பார்ப்பவர்கள். "உன் கை பட்டா என் மீனு சாவும்," என்று மாசிலாமணி முகத்துக்கு நேரே சொன்னார். எதிரே மீன் தீனி விற்கிற ஜைனப் பீ ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, விஷயம் யாரோ காதில் ஓதியதும், "ஆளு வேணாம்மா," என்றாள். பத்து நாளில் எஸ்தர் அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

டிசம்பர் கடைசியில் காலண்டர் வந்தது. ஒரே தாள், கீழே பன்னிரண்டு மாதமும் பொடி எழுத்தில், மேலே நீல ஃபைட்டர், அதன் அடியில் 'படம்: கே. தணிகாசலம்'. மூவாயிரம் பிரதிகள். கொளத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் பெரம்பூரிலும் செங்குன்றத்திலும் கடைகளில், வீடுகளில், சலூன்களில் மாட்டினார்கள். பொங்கலுக்குள் அந்தப் படத்தில் மீனுக்குப் பின்னால் ஒரு மங்கல் விழுந்திருந்தது. சமையல் புகை என்று சொல்லித் துடைத்தார்கள். போகவில்லை. அச்சகத்துக்காரர் வந்து பார்த்து, மை ஊறுகிறது என்றார். மாசி மாதம் வந்தபோது அது மை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தொட்டியின் கண்ணாடியில் ஒரு பெண்ணின் பிம்பம் விழுந்திருந்தது. தலையில் கறுப்புத் துணி போர்த்தி, முகத்துக்கு முன்னால் சின்ன கேமராவைப் பிடித்துக்கொண்டு, படத்துக்குள்ளிருந்து வெளியே பார்த்து நின்றாள். மூவாயிரம் காலண்டரிலும் நின்றாள்.

இது நடந்தபோது யாரும் அலறவில்லை. படம் எடுத்தால் கண்ணாடியில் யாராவது விழத்தானே செய்வார்கள், கொஞ்சம் தாமதமாக விழுந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கேமரா அசைவதைக் கண்டபோது தெருவே அதன்மேல் கண்ணாக இருந்தது. வாரத்துக்கு ஓர் அரிசி அளவு, கேமரா கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பங்குனியில் வகிடு தெரிந்தது. சித்திரையில் நெற்றி தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். டீக்கடையில், "இன்னைக்கு எவ்ளோ எறங்கிச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ கேட்டார்கள்.

அவள் யார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றியபோது முதல் கரண்டியை அவளுக்கு முன்னால் வைத்தார்கள். முக்காட்டைப் பார்த்து மாதா என்று சிலர் மெழுகுவத்தி ஏற்றினார்கள். துபாய்க்கு வேலைக்குப் போய்க் கடிதமே போடாத தன் நாத்தனார்தான் அது என்று ஜைனப் பீ உறுதியாகச் சொன்னாள். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போன தன் மகள் என்று வில்லிவாக்கத்துத் தையல்காரர் ஒருவர் காலண்டருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாப்பிடும்போது எதிரில் வைத்துக்கொண்டார். அதைவிட விசேஷம், அவள் கேமராவைத் தங்களை நோக்கிப் பிடித்திருப்பதால் தங்களைப் படம் எடுக்கத்தான் நிற்கிறாள் என்று ஜனங்கள் நம்பினார்கள். அதனால் வீட்டுக்குள்ளேயே தலைவாரிக்கொண்டார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கியவன் சுவரைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான். எடை குறைத்து நிறுக்கப் போன கடைக்காரன் இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டான். மூவாயிரம் வீடுகள் அந்த வருஷம் படம் எடுக்கப்போகிற வீடுகளைப் போல இருந்தன.

தணிகாசலம் மட்டும் அவளுக்கு முன்னால் நிற்க முடியாமல் நெளிந்தார். அந்த விரல்களை அவர் அறிவார். இடது கட்டைவிரல் நகம் தொட்டி ஸ்டாண்டில் நசுங்கி இரண்டாகப் பிளந்திருந்தது, மணிக்கட்டில் வளையலோடு ஒரு ரப்பர் பேண்ட் கிடந்தது. தெருவில் போகிறவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "உங்க கையால இல்ல அவ வந்திருக்கா!" என்றார்கள். அவர் பதிலுக்குக் கும்பிடாமல் கடைக்குள் நுழைந்துகொண்டார்.

அவர் கேமராவை எடுத்துப் புதுப் படங்கள் எடுத்தார். பிளாஷ் இல்லாமல், விளக்கை நிறுத்தி, கண்ணாடியில் லென்ஸை ஒட்டி, தலையோடு போர்வை போர்த்தி, எஸ்தர் செய்த ஒன்றையும் விடாமல் செய்தார். பிம்பமே விழ வழியில்லாத அந்தப் படங்களிலும், கப்பி, மோலி, ஏஞ்சல் எதை எடுத்தாலும், மீனுக்குப் பின்னால் அவள் நின்றாள். அச்சுப் பிழை, காலண்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கொடுத்துவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். "அவளைத் திருப்பிக் கேக்க நீ யாருய்யா?" என்று அடிக்கவே வந்துவிட்டார்கள்.

அவர் மனைவி குமுதவல்லி ஆடி கடைசியில் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே காலண்டரைப் பார்த்து, "அது எஸ்தர் கைதானே?" என்றாள்.

"பைத்தியமா உனக்கு?"

குமுதவல்லி கீரையை ஆய்ந்து முடித்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "இன்னும் மூணு மாசத்துல மூஞ்சி தெரிஞ்சிடும். அதுக்குள்ள நீங்க வாயைத் தொறந்துடுங்க. அதுக்கப்புறம் சொன்னா அது சொன்னதா ஆவாது, மாட்டிக்கிட்டதாதான் ஆவும்."

ஆவணி முதல் வாரம் அவர் பஸ் ஏறிப் பாடியநல்லூர் போனார். எஸ்தர் ஓர் அரிசி ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருப்பதாக அவள் அம்மா சொன்னாள். தவிடு பறக்கிற முற்றத்தில், தலையில் அதே கறுப்பு துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் துடைப்பத்தோடு நின்றாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அதைத் தணிகாசலத்தால் தாங்க முடியவில்லை.

"வாங்கண்ணே. தண்ணி குடிக்கிறீங்களா?"

"காலண்டர் பாத்தியா?"

"ஆபீஸ் ரூம்ல மாட்டியிருக்காங்க. ஓனரு தெனம் ஊதுபத்தி காட்றாரு. அது கீழதான் நான் பெருக்குறேன்."

"யாரும் உன்னைக் கண்டுக்கலையா?"

"படத்தைப் பாக்கறவங்க கீழ குனிஞ்சா பாக்கறாங்க?" என்றாள் எஸ்தர்.

அவர் ஒத்திகை பார்த்து வந்த சொற்களைச் சொன்னார். படத்துக்கு உன் பேர் போடாதது தப்பு, மன்னிச்சிடு என்றார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படம் கெடக்குதுண்ணே," என்றாள். "கேமரா உங்களுது, மீனு உங்களுது. எனக்கு அந்த ஒம்போது மீனுதான் நெஞ்சை அடைக்குது. தெனம் வேலையெல்லாம் முடிச்சுப் படுத்தா, அன்னைக்கு மத்தியானம் மருந்து பாட்டிலைத் தொறந்தேனா, எத்தினி சொட்டு விட்டேன்னு எண்ணிப் பாப்பேன். விட்ட மாதிரியும் இருக்கும், விடாத மாதிரியும் இருக்கும். அஞ்சு வருஷம் பாத்துப் பாத்து வளத்ததை நானே கொன்னுட்டேனே. நீங்க என்னை அன்னைக்கு அடிச்சிருந்தாக்கூட நான் கேட்டுட்டு இருந்திருப்பேண்ணே. நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன். வர தைரியம் இல்ல."

தான் திருடியது ஒரு படத்தைத்தான் என்று தணிகாசலம் நினைத்திருந்தார். ஒன்பது மாதமாகத் தன் பாவத்தை இந்தப் பெண் தினமும் இராப் படுக்கையில் எடுத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. இப்போதுகூடச் சொல்லாமல் இருந்துவிடலாம், அவள் மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவருக்குள் ஒன்று சொல்லியது. அதை நினைத்ததற்காக அவர் சாகும்வரை வெட்கப்பட்டார்.

"நீ மருந்து விட்டிருந்தே எஸ்தரு," என்றார். "நீ போனப்புறம் சாயங்காலம் நான் கொழாயைப் போட்டேன். நான்தான் மருந்து விட மறந்துட்டேன்."

ஆலைக்குள் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் அவர் வாயையே பார்த்தாள்.

"அன்னைக்கு அத்தினி பேர் முன்னாடி என் பேரைச் சொன்னீங்களே... அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டிப் பெருக்க ஆரம்பித்தாள். தவிட்டுப் புழுதி அவருக்கும் அவளுக்கும் நடுவே எழும்பியது. அவர் ரொம்ப நேரம் நின்றார். அவள் திரும்பவில்லை. நான் என்ன செய்யட்டும் என்று கேட்கக்கூட அவர் வாய்க்கு யோக்கியதை இல்லாமல் இருந்தது.

அடுத்து வந்த ஞாயிறு, சந்தை நாள். வேலூர், காஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து, பச்சைக்கிணறு தெரு நெரிந்தது. சங்கத்துக்காரர்கள் அறிவிப்புச் சொல்கிற மைக்கைத் தணிகாசலம் வாங்கிக்கொண்டு ஒரு பெட்டிமேல் ஏறினார். அந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை, என் கடையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்த எஸ்தர் என்றார். ஜனம் கைதட்டியது. "எவ்ளோ பெரிய மனசு பாரு, வேலைக்காரப் பொண்ணுக்குப் பேரைக் குடுக்குறாரு!" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கைதட்டல்தான் அவர் வாழ்க்கையிலேயே அதிகம் வலித்தது.

"தட்டாதீங்க," என்று கத்தினார். "டிஸ்கஸ் மீனுங்களைக் கொன்னது நான். தண்ணி விட்டது நான், மருந்து விட மறந்தது நான். தெரிஞ்சே அவ மேல பழியைப் போட்டேன்."

கைதட்டல் நின்றது. மோட்டார்களின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்க்கடை வாசலில் ஜைனப் பீ தீனிப் பொட்டலத்தைப் பிடித்தபடியே, "அப்போ நாங்க அவளைத் தொரத்துனது?" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனவர்கள் பார்த்தார்கள். வாரத்துக்கு ஓர் அரிசியாக இறங்கிக்கொண்டிருந்த கேமரா, மூவாயிரம் சுவர்களிலும் ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அங்கே அம்மன் இல்லை, மாதா இல்லை, நாத்தனாரும் மகளும் இல்லை. எஸ்தர் நின்றாள். அவள் முகத்தில் கோபமோ அருளோ கிடையாது. மேலுதட்டில் வியர்வை, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று கேமராவின் சின்னத் திரையில் பார்க்கிற முகம். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் அவள் பார்ப்பது தன் வீட்டுப் படத்தைத்தான் என்று தெரிந்தது. அது எப்படி வந்திருக்கும் என்றும் தெரிந்தது. வேலை இல்லை என்று சொன்னவர்கள், சொல்லக் கேட்டுச் சும்மா இருந்தவர்கள், கைராசி இல்லாதவள் என்று அடுத்த கடைக்குச் சொல்லி அனுப்பியவர்கள் எல்லோரும் காலண்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார்கள். மறுநாள் காலையில் தேதி பார்ப்பதற்காக மறுபடி திருப்பினார்கள். அரிசி ஆலை முதலாளி ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே பெருக்கிக்கொண்டிருந்தவளை முதல்முறையாகக் குனிந்து பார்த்தாராம். வில்லிவாக்கத்துத் தையல்காரர் மட்டும் காலண்டரை எடுக்கவில்லை. யார் மகளாக இருந்தால் என்ன, சோறு தின்னும்போது எதிரில் இருக்கட்டும் என்றார்.

எஸ்தரைக் கூப்பிட மாசிலாமணி சால்வையோடு போனார். பேரைத் திருத்திப் புதுக் காலண்டர் போடுவதாகவும் சொன்னார். அவள் பேரைத் திருத்தச் சொன்னாள், சால்வையை வாங்கவில்லை. ஜைனப் பீ வெறுங்கையோடு போனாள். "நான் பண்ணதுக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியலம்மா, கடையில ஒரு எடம் இருக்கு, வந்தா வா," என்றாள். எஸ்தர் ஒரு வாரம் யோசித்தாள். ஐப்பசி பிறந்தபோது ஜைனப் பீ கடைக்கு வேலைக்கு வந்தாள். தீனி விற்றுக்கொண்டே தொட்டிகளும் வைத்தாள். ஜைனப் பீ தவணையில் வாங்கிக் கொடுத்த ஒரு சின்ன கேமராவில் மீன்களைப் படம் பிடித்தாள். அவள் படத்தைப் பார்த்து மீன் வாங்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேர் பழைய காலண்டரின் பேரைப் பார்த்துத் தணிகாசலம் கடைக்குத்தான் முதலில் வந்தார்கள். "நீல ஃபைட்டர் படம் எடுத்தவர் நீங்கதானே?" என்பார்கள். "நான் இல்லைங்க. எதிர்க்கடையில இருக்காங்க," என்று அவர் கை நீட்டிக் காட்டுவார். சிலருக்குக் கதை தெரிந்திருக்கும். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, அது நீங்கதானா?" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நூறு தடவை சொன்னால் பழகிவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். பழகவில்லை. குமுதவல்லியிடம் அதைச் சொன்னபோது, "பழகக்கூடாதுங்க," என்றாள்.

கார்த்திகை மழையில் சந்தை கூடாத ஒரு மத்தியானம், தெருவில் ஆளே இல்லாதபோது, தணிகாசலம் குடை பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். எஸ்தர் ஒரு தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"எம்மேல கோவம் இருக்கா எஸ்தரு?"

அவள் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"இருக்குண்ணே."

அவர் தலையசைத்தார்.

"கொறையும்னு நெனைக்கிறியா?"

"தெரியலண்ணே. நானும்தான் தெனம் பாத்துக்கிட்டிருக்கேன். கொறஞ்சிடுச்சின்னா நானே ரோட்டைத் தாண்டி வந்து சொல்றேன். நீங்க வந்து கேக்காதீங்க."

"சரிம்மா," என்றார் தணிகாசலம்.

பதினாறடி அகலமுள்ள அந்த ரோட்டைத் தாண்டித் தன் கடைக்குத் திரும்பி, குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, அன்றைக்கு மாற்ற வேண்டிய தொட்டிகளுக்குத் தண்ணீர் பிடித்தார். மருந்தை ஒவ்வொரு சொட்டாக, வாய்விட்டு எண்ணி விட்டார். மழைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.